ஞானதுரை மேல் விழாத அருவி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் வருஷம் ஆடி மாதத்தில் குற்றாலம் அருவி, கிராம்புத் தோட்டத்து மேனேஜர் ஞானதுரையின் மேல் மட்டும் விழ மறுத்தது. பக்கத்தில் நின்ற பாவூர்சத்திரம் வெங்காய வியாபாரி மேல் விழுந்தது, அவருடைய சோப்பு டப்பா மேல்கூட விழுந்தது. மேனேஜர் தலைக்கு மேலே வந்ததும் இரண்டாகப் பிரிந்து, தோளுக்கு வெளியே இறங்கிப் போனது. தலை நிறைய எண்ணெயோடு அவர் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். காரணம் என்ன என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து கிடையாது. சங்கரம்மாள் வாயைத் திறந்ததுதான் காரணம்.

சங்கரம்மாள் அந்தத் தோட்டத்தில் களை வெட்டி, கிராம்பு பறிப்பவள். அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. மலை வேலைக்கு நேரம் காலம் கிடையாது. விடியுமுன் பெண்கள் மலையேறிக் கொட்டகை முன்னால் நிற்க வேண்டும். வெயில் அடித்தால் வேலை. சாரல் பிடித்தால் மேனேஜர் கையை வீசுவார், திரும்பிவிட வேண்டும், கூலியும் கிடையாது. அதற்காக ஒருத்தியும் முகம் சுளித்ததில்லை. சாரல் நாள் சாமி கொடுத்த லீவு, அதற்குப் போய்க் கூலி கேட்டால் அருவி வற்றிவிடும் என்று நம்பினார்கள். நேரே ஐந்தருவிக்கு இறங்கி, ஆசைதீரக் குளித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இந்த நம்பிக்கையை முதன்முதலில் சொன்னவர் யார் என்று விசாரித்தால், பழைய மேனேஜர் ஒருவர் என்று தெரிகிறது.

சங்கரம்மாளுக்குப் பேறுகாலச் சம்பளம் வேண்டியிருந்தது. தலைப்பிள்ளை பிறந்தபோது பச்சை உடம்போடு மலையேறினாள். கீழே பிள்ளை நொய்க்கஞ்சிக்கு அழுதது, மேலே இவளுக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. அந்தப் பிள்ளை தங்கவில்லை. இதையாவது மடியில் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் நினைப்பு. புதுச் சட்டப்படி, பேறுக்கு முந்தின ஒரு வருஷத்தில் நூற்றறுபது நாள் வேலை பார்த்தவளுக்கு முன்னால் ஆறு வாரமும் பின்னால் ஆறு வாரமும் சம்பளத்தோடு ஓய்வு உண்டு. ஞானதுரை விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "பாதி நாள் சாரல்ல போயிருச்சேம்மா, உனக்கு நாள் பத்தாதே" என்று மிகுந்த இரக்கத்தோடு சொன்னார். இரக்கத்துக்கு அவரிடம் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை.

ஆனி மாதம் லேபர் இன்ஸ்பெக்டர் வல்லிநாயகம் தோட்டத்துக்கு வந்தார். சாரல் நாளில் பெண்கள் வேலைக்கு வந்தார்களா என்று கேட்டார்.

"குளிக்கப் போனாங்க சார்" என்றார் ஞானதுரை. அது பொய்யும் இல்லை.

இன்ஸ்பெக்டர் பெண்கள் பக்கம் திரும்பினார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கூட்டத்தில் மூத்தவளான நாச்சியார், சங்கரம்மாளின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ஏட்டி, வாயத் தொறந்திராத. அருவி போயிரும்" என்று முணுமுணுத்தாள். சங்கரம்மாளுக்கும் பயம்தான். அருவி வற்றினால் சீசன் கடைக்காரன் முதல் குரங்கு வரை அவளைத்தான் ஏசும். ஆனால் வயிற்றில் பிள்ளை ஓர் உதை விட்டது.

"வந்தோம்யா. மலையேறி வந்து நின்னோம். திரும்பிப் போங்கன்னது அவுகதான். போற வழியில குளிச்சோம், அம்புட்டுதான்."

"வந்தவளை வேலையில்லன்னு திருப்பி அனுப்புனா அந்த நாளும் சேரும்" என்றார் இன்ஸ்பெக்டர். யோசித்துச் சொல்வதாக ஞானதுரை சொன்னார். யோசனை ஆடி வரைக்கும் நீண்டது.

பெண்கள் தினமும் அருவிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்கள். குறையவே இல்லை. ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் குளிக்கப் போனபோதுதான் கணக்கு விளங்கியது. அவர் பழைய குற்றாலத்துக்குப் போனார், புலியருவிக்குப் போனார், எல்லாம் ஒதுங்கின. ஐந்தருவியில் ஐந்தும் ஒதுங்கின. சீசனுக்கு வந்தவர்கள் சீக்கிரமே இதைப் பழகிக்கொண்டார்கள். மாற்றுத் துணியையும் டிரான்சிஸ்டரையும் அவர் காலடியில் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, செத்த நேரம் அசையாம நில்லுங்க" என்று சொல்லிக் குளிக்கப் போனார்கள். அச்சன்புதூர்க்காரி ஒருத்தி சளி பிடித்த பிள்ளையையே அங்கே உட்கார வைத்தாள். கிணற்றுத் தண்ணீர் அவர் மேல் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் குற்றாலத்தில் இருந்துகொண்டு கிணற்றடியில் குளிக்கிறவனை ஊர் என்ன சொல்லும்? ஆடி முடியுமுன் சாரல் நாளையெல்லாம் சேர்த்து, முதல் ஆறு வாரச் சம்பளத்தை அவரே சங்கரம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் அருவி, விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து அவர் தலையில் போட்டது. இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

ஆவணிக் கடைசியில் சங்கரம்மாளுக்குப் பெண் பிறந்தது. கடைசிச் சாரல் கூரையில் விழுந்துகொண்டிருக்க, அவள் ஆறு வாரமும் வீட்டிலேயே கிடந்தாள். பால் சுரந்தபோதெல்லாம் குடிக்கப் பிள்ளை பக்கத்தில் இருந்தது. தலைப்பிள்ளையை நினைத்து ஒருநாள் நன்றாக அழுதாள், பிறகு தூங்கினாள்.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துப் பெண்கள் யாரும் பேறுகாலச் சம்பளத்தை வாய்விட்டுக் கேட்டதில்லை. மாதம் ஏறியதும் மேனேஜர் முன்னால் போய் நின்று, "ஐயா, இன்னைக்கு அருவியில குளிச்சாச்சா?" என்று விசாரிப்பார்கள். ஞானதுரை தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, பேறு எந்த மாதம் என்று கேட்பார்.