நலமாக இருக்கிறார்

1

காலை பத்து இருபது.

இதை எனக்குச் சொன்னவர் செவ்வந்தி. மூன்று முறை சொன்னார். ஒருமுறை, சிறைக்கு வந்த குஞ்சம்மாளின் புடவை பச்சை. ஒருமுறை கையில் குடை இருந்தது. ஒருமுறை காலில் செருப்பில்லை. பத்து இருபது மட்டும் மாறவில்லை. 1987, அக்டோபர் ஒன்று, வியாழக்கிழமை.

(கதைக்குள் செவ்வந்தியை 'அவள்' என்றே எழுதுகிறேன். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.)

முதலில் வேறு மாதிரி தொடங்கினேன்:

கள்ளக்குறிச்சிச் சாலையெங்கும் புளியமரங்கள் வெட்டுண்டு கிடந்தன. ஒரு வாரமாகப் பஸ் ஓடவில்லை. போலீஸ் வேன்கள் ஒவ்வொரு ஊராக

அங்கேயே நிறுத்திவிட்டேன். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்த மரங்களில்தான் தொடங்குகிறார்கள். மரங்களைத் தாண்டிப் போக முடிவதில்லை.

இரண்டாவது தொடக்கம்:

இறந்துபோன ஒருவனின் தாய்க்கு ஓர் அஞ்சலட்டை வந்தது.

இதுவும் வேண்டாம் என்று நினைத்தேன். இறந்தவன் என்று இவ்வளவு சீக்கிரம் சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டேன். இருக்கட்டும்.

2

சங்கத்தின் பெயர் சிறைப்பட்டோர் குடும்ப உதவிச் சங்கம். ஆட்கள் மூன்றே பேர். ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா, ஒரு மருந்துக்கடைக்காரர், டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் செவ்வந்தி. வாரத்தில் இரண்டு நாள் கிளைச்சிறைக்குப் போவார்கள். கைதிகளை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இன்னா டீச்சர், ஆடு திருடுனவனுக்கெல்லாம் வாங்க போங்கவா?" என்பார் வார்டர்.

"உங்களையும் அப்படித்தானே கூப்புடுறேன்" என்பாள் செவ்வந்தி.

சங்கத்துக்கு ஒரு விதி இருந்தது. என்ன செய்தாய் என்று கேட்கக் கூடாது. அதைக் கேட்க ஸ்டேஷன் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. சங்கம் மூன்றைக் கேட்கும். பேர் என்ன, ஊர் எது, யாருக்குத் தெரியப்படுத்த வேண்டும். அதற்கு மேல் துருவாது. சொன்னதை அப்படியே நம்பும். அன்றைக்கே கார்டு போடும். அச்சடித்த கார்டு:

'வணக்கம். உங்கள் .......... இங்கே நலமாக இருக்கிறார். பயப்பட வேண்டாம். காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை பார்க்கலாம். சாப்பாடு கொண்டுவரலாம்.'

புள்ளிக் கோட்டின் மேல் கணவர் என்றோ மகன் என்றோ பெயரோடு எழுதினால் போதும்.

மறியல் வாரம் முடிந்தபோது சிறையில் உட்கார இடமில்லை. செவ்வந்தி இரண்டு நாளில் நூற்று நாற்பது கார்டு எழுதினாள். அவளுக்குத் தெரியாதது ஒன்று. வேனில் ஏற்றும்போதே யாரோ கத்தியிருக்கிறான். "எவனும் நெசப் பேரைச் சொல்லிடாதீங்கடா!" பேர் ஏறினால் வேலை போய்விடும் என்று பயம். போலீசிடம் சொன்ன பொய்யை மாற்றாமல் இவளிடமும் சொன்னார்கள். நோட்டும் பேனாவுமாக வந்து பேர் கேட்கிற பெண்ணை வேறு யாரென்று நினைப்பார்கள்?

முதலில் வந்தது ஒரு பண்ணைக்காரரின் மனைவி. கார்டை வீசினாள்.

"இவரு நலமா இருக்காருன்னு எழுதிருக்க. நலமாத்தான் இருக்காரு. காலையில எட்டு இட்லி தின்னுட்டு வூட்டுல படுத்துக்கினு இருக்காரு. இங்க இருக்கறது எந்த நாயி?"

அவர் நிலத்தில் கூலி வேலை செய்தவன் தன் பேருக்குப் பதிலாக அவர் பேரைக் கொடுத்திருந்தான். உள்ளே அவன் விழுந்து விழுந்து சிரித்தானாம். குமாஸ்தா மன்னிப்புக் கேட்டார். செவ்வந்தியும் சிரித்தாள்.

மறுநாள் குஞ்சம்மாள் வந்தாள்.

3

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்து ஊர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நாற்று நட்டு, களை பறித்துப் பிழைக்கிறவள். ஒரு கையில் தூக்குப்போசி. மறு கையில் கார்டு. வியர்வை படக்கூடாது என்று அதைத் துணியில் சுற்றியிருந்தாள்.

"ராசு இங்க இருக்கானாமே."

"நீங்க யாரு?"

"அவன் அம்மா. போஸ்ட்மேன் படிச்சுக் காட்டுனாரு. எம்மா இது தப்புக் கார்டு, திருப்பி அனுப்பிடறேன்னாரு. நான் குடுக்கல. முத்திரையெல்லாம் போட்டிருக்குதே."

"ஏன் தப்புன்னாரு?"

"ராசு நாலு வருசத்துக்கு முன்னால கோமுகி ஆத்துத் தண்ணியில போயிட்டானாம். ஊர்ல எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

ராசு போன அன்றைக்குக் கீழே வெயில் அடித்தது. கல்வராயன் மலையில் எங்கேயோ பெய்த மழை. ஒரு சொட்டு விழாத இடத்தில் தண்ணீர் வந்து ஆளை எடுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. முகம் இல்லை. வேட்டியின் கரையைப் பார்த்து ராசு என்றார்கள். குஞ்சம்மாளைப் பார்க்க விடவில்லை.

செவ்வந்திக்கு அந்த நிமிடமே புரிந்தது. உள்ளே இருப்பவன் ஒரு செத்தவனின் பேரைக் கொடுத்திருக்கிறான். அவள் எழுதிப் போட்டிருக்கிறாள்.

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் வார்டர் கூப்பிட்டார். "ராசுவுக்கு ஆள் வந்திருக்குது!"

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒருவன் வந்து நின்றான். முப்பது வயது. கரும்பு வெட்டுகிறவனின் கை. குஞ்சம்மாள் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவசரப்படவில்லை. செவ்வந்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள், விழுந்துவிடுவாள் என்று.

"இளைச்சிட்டியேடா" என்றாள் குஞ்சம்மாள்.

4

இந்த இடத்தில் மூன்று வாரம் நின்றேன். குஞ்சம்மாளை எனக்கு நம்ப முடியவில்லை.

பெற்ற மகனின் முகம் நான்கு வருடத்தில் மறக்குமா? அப்படியானால் தெரிந்தே சொன்னாள். தெரிந்தே சொன்னாள் என்றால் அந்தக் கார்டை ஏன் துணியில் சுற்றினாள்? துக்கத்தில் புத்தி பேதலித்தது என்று ஒரு பத்தி எழுதினேன். அந்தப் பத்தியில் அவள் சின்னவளாகிப் போனாள். அடித்துவிட்டேன்.

செவ்வந்தி சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

தூக்குப்போசியில் களியும் கருவாட்டுக் குழம்பும். வார்டர் சோதித்து உள்ளே கொடுத்தார். அவன் உட்கார்ந்தான். களியில் முதல் உருண்டையை உருட்டி, தின்னாமல் மூடியின் ஓரத்தில் வைத்தான். மற்றதையெல்லாம் தின்றான். கடைசியாக அந்த உருண்டையை எடுத்துத் தின்றான்.

குஞ்சம்மாள் செவ்வந்தியின் கையைக் கிள்ளினாள். "பாத்தியா? சின்னப் புள்ளையிலேர்ந்து இதே கூத்துதான். ஒனக்கு யாருடா கூட உக்காந்திருக்கான்னு திட்டுவேன்."

(ஒரு விளக்கம் எழுதி வைத்திருந்தேன்: கூட வேலை செய்தவனிடம் பார்த்துப் படிந்த பழக்கமாக இருக்கலாம். சரியான விளக்கம்தான். அதைப் படித்த பிறகும் அந்த உருண்டை மூடி ஓரத்திலேயே இருந்தது.)

அன்று முதல் குஞ்சம்மாள் தினமும் பத்து இருபதுக்கு வந்தாள். முதல் டவுன் பஸ் அப்போதுதான் கொண்டுவந்து விடும்.

5

சனிக்கிழமை செவ்வந்தி விதியை மீறினாள். அவனைத் தனியாகக் கேட்டாள்.

"நீங்க யாரு?"

"பழனிங்க டீச்சர். மூங்கில்துறைப்பட்டு பக்கம், கரும்பு வெட்டு. ராசும் நானும் ஒண்ணா வேலை செஞ்சோம். போலீசு பேரு கேட்டப்போ வாயில அவன் பேருதான் வந்துது. செத்தவனுக்கு வேலையா போவப் போவுதுன்னு நெனச்சேன்."

"அவங்க அம்மா பேரை ஏன் சொன்னீங்க?"

"யாருக்குச் சொல்லணும்னு நீங்கதான கேட்டீங்க? பேரு அவனுது. அம்மா மட்டும் வேற யாரைச் சொல்றது? நீங்க கார்டு போடுவீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"அவன் தண்ணியில போனப்போ நீங்க இருந்தீங்களா?"

"ரெண்டு பேரும்தாங்க எறங்கினோம். வேட்டியெல்லாம் மாத்தி மாத்தித்தான் கட்டுவோம்."

அவனுக்கென்று ஒரு தங்கை மட்டும் இருந்தாள். பேர் சாலம்மாள். வால்பாறையில் எஸ்டேட் வேலை. ஐந்து வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. இந்தத் தீபாவளிக்கு அண்ணனைப் பார்க்க வருவதாகக் கடிதம் போட்டிருக்கிறாள்.

"அந்த அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்" என்றாள் செவ்வந்தி. "நான் கூட இருக்கேன்."

"சொல்லலாம்னுதாங்க நேத்து வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அது ஒண்ணு கேட்டுடுச்சு."

"என்ன கேட்டாங்க?"

"தண்ணிக்குள்ள ரொம்பக் குளிருச்சாடான்னு."

வார்டரின் சாவிக்கொத்து எங்கேயோ குலுங்கியது.

"நான் பதில் சொல்லிட்டேங்க டீச்சர். மொதல்ல குளிருச்சு, அப்புறம் இல்லம்மான்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிப் பொய் சொன்னீங்க?"

அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பொய் சொல்றப்போ தெரியுமில்லிங்க, பொய் சொல்றோம்னு. அப்படித் தெரியல."

6

மறியலில் பிடிபட்டவர்களைச் சொந்த ஜாமீனில் விடுவதாக உத்தரவு வந்தது. இரண்டு கையெழுத்து வேண்டும். ரத்த உறவு ஒருவர், இவன் இன்னான்தான் என்று. அதற்குச் சாட்சியாக ஊரறிந்த ஒருவர். சாட்சிக் கோட்டில் சங்கத்து ஆட்கள் போட்டார்கள். ராசுவின் தாளில் போட வேண்டியவள் செவ்வந்தி.

அவள் போட்டால், பழனி என்று ஒருவன் எந்தக் காகிதத்திலும் இல்லாமல் போவான். தீபாவளிக்கு வருகிற தங்கை யாரைத் தேடுவாள்? போடாவிட்டால், பொய்ப் பேர் கொடுத்ததற்காக அவன் மேல் இன்னொரு கேஸ். அறுவடைக் காலம் முழுக்க உள்ளே. அது கூடப் பரவாயில்லை. குஞ்சம்மாளிடம் அவள் மகன் செத்துவிட்டான் என்று நேருக்கு நேர் சொல்ல வேண்டியவள் செவ்வந்தி. நலமாக இருக்கிறார் என்று எழுதிய அதே ஆள்.

குமாஸ்தாவிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "நாம, அவங்க சொன்னதை நம்பற சங்கம், செவ்வந்தி. அவன் ராசுன்னான். அந்தம்மா ராசுன்னு சொல்லுது. நடுவுல நீ யாரு?"

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் கையெழுத்திடுகிறாள். கச்சிராயபாளையம் பஸ்ஸில் குஞ்சம்மாள் கண்ணயர்ந்த நேரம் பழனி இறங்கி

அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

இன்னொன்றில் பழனியே உரக்கச் சொல்லிவிடுகிறான், நான் ராசு இல்லை என்று. நல்ல முடிவு. எல்லோருக்கும் கொஞ்சம் கௌரவம் மிஞ்சும். ஆனால் எழுதும்போது அவன் வாயைத் திறக்க மறுத்தான். குளிரில் உதடு ஒட்டிக்கொண்டவன் போல நின்றான். அந்த உவமையை நான் யோசித்து எழுதவில்லை. பிறகுதான் பார்த்தேன். அதை எடுத்துவிட முயன்றேன். அவனும் கூடப் போய்விடுவான் போலிருந்தது.

செவ்வந்தி என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கிறார். எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அவர் செய்ததைச் சரி என்றோ தவறு என்றோ சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடுவீர்கள். அந்த மேசை வரைக்கும் கூட்டிப்போகிறேன். பேனாவை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

7

அக்டோபர் ஆறு, செவ்வாய்க்கிழமை. மேசைமேல் தாள். வலைக்கு அந்தப் பக்கம் அவன், துணிமூட்டையோடு. ஜன்னலுக்கு வெளியே மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் இருந்தது. கீழே வெயில்.

குஞ்சம்மாள் இடது கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டாள்.

"இந்தாம்மா, நீ போடு" என்றார் சிறை எழுத்தர். "பின்னால ஆளு நிக்குது."

செவ்வந்தி பேனாவைத் திறந்தாள். அப்போது குஞ்சம்மாள் அவள் காதருகே வந்தாள். அவளிடம் ஈரத் துணியின் வாடை அடித்தது.

"ராசு எல்லாத்தையும் சொல்லிட்டாம்மா."

"என்ன சொன்னாரு?"

"அன்னிக்குத் தண்ணியில போனது அவங்கூட இருந்த பழனியாம். இவன்தான் கரை ஏறுனானாம். பயந்துக்கினு அந்தப் பழனி பேர்லயே இத்தினி வருசம் இருந்துட்டானாம்."

செவ்வந்தி வலையைப் பார்த்தாள். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை ஆட்டவில்லை. மறுக்கவும் இல்லை. சனிக்கிழமை பழனிங்க டீச்சர் என்று சொன்ன முகத்தை அதில் தேடினாள். முகம் அதுதான். அது யாருடையது என்று மட்டும் தெரியவில்லை.

"பேசிக்கினே இருந்தா எப்படிம்மா?" என்றார் எழுத்தர்.

குஞ்சம்மாள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"தீபாவளிக்குப் பழனியோட தங்கச்சி வருதாமே, பாவம். நீதான் கார்டு போடுறவ. அந்தப் பொண்ணுக்கு இன்னான்னு எழுதப் போற?"