பின்கதவுக்குக் குறுக்கே ஒரு டயர்

என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் என்பது பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும். நான் தும்மினால்கூட எந்தப் பக்கம் பார்த்துத் தும்மினேன் என்று கவனிக்கிற மனுஷன்.

எங்களுக்கு ஒரு வெல்டிங் பட்டறை. இரும்பை அறுப்பதும் ஒட்டுவதும் அவர் பாடு. பெயின்ட் அடிப்பதும், வருகிறவர்களிடம் பேசிச் சமாளிப்பதும் என் பாடு. அதனால் அந்த வெள்ளை வேன் வாசலில் வந்து நின்றபோது முதலில் எழுந்து போனது நான்தான்.

ஓட்டி வந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். இறங்கினான், தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான், அப்புறம்தான் என்னைப் பார்த்தான். "ஸ்டெப்னி டயர் வண்டிக்கு அடியில இருக்கு. அத எடுத்துப் பின்னாடி மாட்டணும்" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. கல்லுளிமங்கன் என்று அப்போதே அவனுக்குப் பெயர் வைத்துவிட்டேன்.

ஸ்டெப்னி என்று காதில் விழுந்ததும் என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். அதைப் பற்றிப் பேசுவதென்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"அடியிலயே இருக்கட்டுமே சார். சேறு படும், துரு ஏறும், பஞ்சரானா ரோட்டுல படுத்துதான் எடுக்கணும், எல்லாம் வாஸ்தவம். ஆனா இடத்த அடைக்காது. கூரை மேல போட்டா இறக்கறதுக்குள்ள இடுப்பு போயிடும். உள்ள நிக்க வெச்சா ரப்பர் நாத்தம். ஆமா, நீங்க என்ன ஏத்தறீங்க?"

"ஓட்டல் துணி. சலவைக்கு எடுத்துட்டுப் போறது."

"அப்ப உள்ள வேணாம். பின்கதவுல நேரா மாட்டினா அந்தக் கனத்துக்குக் கதவு தொங்கிடும். வண்டிச் சட்டத்துல தனியா ஒரு இரும்புக் கை அடிச்சு, அதுல டயர மாட்டலாம். கை ரெண்டு கதவுக்கும் குறுக்க வரும். ஒரே தொல்லை, வெளியில கொண்டிய எடுத்துக் கைய விலக்கினாத்தான் கதவு திறக்கும்."

"உள்ளேர்ந்து திறக்க முடியாதுல்ல?"

"முடியாது சார்."

"அதான் வேணும்" என்றான் அவன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பெயின்ட் டப்பாவைப் பார்த்தேன்.

அவன் வண்டியை விட்டுவிட்டு மத்தியானம் வருவதாகச் சொல்லிப் போனான். தெருமுனை திரும்பினானோ இல்லையோ, இவர் வேனுக்குள் ஏறிவிட்டார். "ஏம்மா, இங்க வா" என்று குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார். "துணி எதுக்கு உள்ளேர்ந்து கதவத் திறக்கப் போவுது?"

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று வாயால் சொன்னேனே ஒழிய, காலும் அவர் பின்னால்தான் போனது.

ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டில் ஒரு துணிமூட்டை. முன் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் முழுத் தகரத் தடுப்பு. பக்கவாட்டுக் கதவின் உள்கைப்பிடியைக் கழற்றி ஓட்டையை அடைத்திருந்தது. ஜன்னலுக்குத் திரை. ஒரு ஓரமாகத் துணிமூட்டைகள், மறு ஓரத்தில் மெத்தை. மெத்தைக்கு அடியிலிருந்து இவர் ஒரு ஹேர்க்ளிப்பை எடுத்துக் காட்டினார். சின்னப் பூப்போட்ட க்ளிப். பின்கதவின் உள்பக்கம், கைப்பிடியைச் சுற்றிப் பெயின்ட் கீறலாய்க் கீறியிருந்தது. பெயின்ட் என் தொழில். அது நகத்தால் விழுந்த கீறல் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"போலீசுக்குப் போன் பண்ணிடலாமா?" என்றேன்.

"என்னன்னு சொல்றது? க்ளிப் கெடைச்சுதுன்னா? சிரிப்பான். முதல்ல அவன் வாயக் கெளறுவோம்."

வேலையை ஆரம்பித்தார். இரும்புக் குழாயை அறுத்து, கீலை வண்டிச் சட்டத்தோடு ஒட்டி, மறுமுனைக்குக் கொண்டி செய்து, டயரைத் தூக்கி மாட்டினார். முணுமுணுத்துக்கொண்டே செய்தாலும் ஒட்டு மட்டும் சுத்தமாக இருந்தது. சந்தேகத்துக்காகத் தொழிலில் குறை வைக்கிற ஆள் இல்லை.

மத்தியானம் அவன் வந்தான். தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேச்சோடு பேச்சாக, "வீட்டுல யாரெல்லாம்?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல" என்றான். பூப்போட்ட க்ளிப்பை அவனா மாட்டிக்கொள்வான்?

பிறகு அவன் செய்ததுதான் எங்கள் இருவரையும் ஆட்டிவிட்டது. "மாஸ்டர், நீங்க உள்ள ஏறுங்க" என்றான். இவர் ஏறியதும் கதவைச் சாத்தி, இரும்புக் கையைக் குறுக்கே தள்ளிக் கொண்டியைப் போட்டான். "இப்பத் திறங்க பாப்போம்." உள்ளேயிருந்து இவர் தள்ளினார், மோதினார். கதவு அசையவில்லை. அவன் முன்னால் போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, இன்ஜினைப் போட்டு, "தடுப்பத் தட்டுங்க. கூப்பிடுங்க" என்று கத்தினான். உள்ளே என் வீட்டுக்காரர் தட்டுகிறார், அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

அவன் இறங்கி வந்து கொண்டியை எடுத்தான். "சத்தம் கேக்குது" என்றான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெயின்ட் அடித்து வையுங்கள், காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்து போனான்.

"சத்தம் வெளிய கேக்குமான்னு பாத்திருக்கான் படுபாவி" என்றார் இவர். வேர்த்து ஊற்றியிருந்தது. "யாரையோ அடைச்சு வெச்சுக் கொண்டுபோறான். அந்தப் பொண்ணு யாரு பெத்த புள்ளையோ."

அன்று சாயங்காலம், நான் கருப்புப் பெயின்ட் அடிக்கிறபோது, அவர் கதவுச் சட்டத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டார். கொண்டியிலிருந்து ஒரு கம்பியை அந்த ஓட்டை வழியே உள்ளே இழுத்து, மெத்தையோரமாக, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு வளையத்தை மாட்டினார். அதைப் பிடித்து இழுத்தால் வெளியே கொண்டி தூக்கிக்கொள்ளும். தள்ளினால் கை விலகும், கதவு திறக்கும். "அடைபட்டுக் கெடக்கறவங்க நாலு பக்கமும் தடவிப் பாப்பாங்க. கெடைக்கும்" என்றார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பெருமை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவருடைய சந்தேகத்தால் ஒரு நல்லது நடந்ததென்றால் அது இதுதான் என்று நினைத்தேன்.

காலையில் அவன் தனியாக வரவில்லை. ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். அவனைவிட மூத்தவள். தலையை வழித்துச் சீவி இரண்டு பக்கமும் க்ளிப் மாட்டியிருந்தது. நெற்றியில் தையல் போட்ட தழும்பு. நடக்க நடக்க எதையோ முனகிப் பாடிக்கொண்டே வந்தாள். அவளை வேனின் பின்பக்கம் ஏற்றி, மெத்தையில் உட்கார வைத்து, காலில் செருப்பைச் சரிசெய்து, "சமத்தா இருக்கணும், என்ன?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். கையைக் குறுக்கே தள்ளிக் கொண்டியைப் போட்டான்.

பட்டறைக்குள் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னான். "எங்க அக்கா. பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். அம்மா இருந்த வரைக்கும் அவங்க பாத்துக்கிட்டாங்க. இப்ப வீட்டுல விட்டுட்டு வர ஆளில்ல. நேத்து ஒரு நாள் மட்டும் பக்கத்து வீட்டுல கெஞ்சி விட்டுட்டு வந்தேன். வண்டில வெச்சுக்கிட்டுதான் வேலைக்குப் போறேன். ஆனா வண்டி நின்னா போதும், கதவத் திறந்துட்டு ஓடப் பாப்பா. போன மாசம் ஓடற வண்டிலேர்ந்து விழுந்துட்டா. அதான் இந்த ஏற்பாடு. தட்டினா எனக்குக் கேக்கணும்லக்கா, அதுக்குத்தான் மாஸ்டர உள்ள ஏத்திப் பாத்தேன்."

"யாரும் இல்லன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்க. எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்துடுன்னு புத்தி சொல்வாங்க."

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "சார், கொண்டிக்குக் கொஞ்சம் கிரீஸ் போடணும். அவங்கள ஒரு நிமிஷம் இறக்குங்க" என்றார்.

"எதுக்கு? நேத்தே நல்லாத்தானே இருந்துச்சு?"

"இல்ல, ஒரு சின்ன வேலை பாக்கி."

"என்ன பாக்கி?" இப்போது சந்தேகம் அந்த மனுஷன் கண்ணுக்கு வந்துவிட்டது. "என் வண்டிய என்ன பண்ணீங்க?"

இதற்குமேல் மென்று முழுங்க என்னால் முடியவில்லை. உள்ளே வளையம் இருப்பதையும், எதற்காக வைத்தோம் என்பதையும் போட்டு உடைத்துவிட்டேன்.

அந்த மனுஷன் என் பக்கம் திரும்பினார். "என்னையப் பொம்பளையக் கடத்தறவன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. என் வீட்டுக்காரர் மட்டும் விடவில்லை. "தப்புதான் சார். ஆனா வண்டி எங்கயாவது மோதி நீங்க மயங்கிட்டா, அவங்கள யாரு வெளிய எடுக்கறது? அதயும் யோசிங்க" என்றார். அந்த மனுஷன் பதில் சொல்ல வாயெடுத்தார்.

வெளியே கொண்டி தூக்குகிற சத்தம் கேட்டது.

மூன்று பேரும் விழுந்தடித்து ஓடினோம். இரும்புக் கை டயரோடு ஒதுங்கி ஆடிக்கொண்டிருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. மெத்தை காலி. "அக்கா!" என்று ஒரு கத்தல் கத்திவிட்டு அவர் பெரிய ரோட்டுப் பக்கம் ஓடினார். அங்கே லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கம் ஓடினார். எனக்கு முழங்கால் வலி, ஓட முடியாது. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் நாங்கள்தான் கொன்றோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வேனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக முன்பக்கம் போனேன்.

முன்கதவுக்கு நேரே தரையில் ஒரு துணிமூட்டை கிடந்தது. மேலே பார்த்தேன்.

ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில், மூட்டை இருந்த இடத்தில், அவள் உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, காலியாக இருந்த ஓட்டுநர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு நின்றுபோயிருந்தது.

நான் போட்ட கூச்சலில் இரண்டு பேரும் திரும்பி ஓடி வந்தார்கள். தம்பி மூச்சு வாங்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"எங்கடா போயிட்ட?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள்.

அவர் ஜன்னலை விட்டுக் கதவின் கைப்பிடியைத் தொட்டார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல், "ஒவ்வொரு தடவையும் இந்தக் கதவுகிட்டதான் புடிச்சேன்" என்றார். "இங்கதான் புடிச்சு, திட்டி, இழுத்துட்டுப் போய்ப் பின்னாடி ஏத்துவேன். ஓடறாள்னுதான் நெனச்சேன்."

நான் அழுதுவிட்டேன். இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கீழே கிடந்த மூட்டையைத் தூக்கப் போனார். அந்த மனுஷன் அவரைத் தடுத்து, தானே எடுத்துக்கொண்டுபோய்ப் பின்னால், மெத்தைமேல் போட்டார். திரும்பி வந்து அக்காவுக்கு பெல்ட் மாட்டிவிட்டார்.

"போலாமா?" என்று கேட்டார். அவள் ஏற்கெனவே பாட ஆரம்பித்திருந்தாள்.