வடக்குப் பக்கத்து ஸ்டூல்

பேக்கிங் அறைக்கு நாலு வாசல். அதில் மூன்றைப் புகழேந்திதான் அடைத்தான்.

கெட்ட எண்ணமில்லை. பொம்பளைகள் பெட்டியும் கையுமாய் நடக்கிற நடையில்தான் கம்பெனியின் லாபம் கரைகிறது என்று கண்டுபிடித்த சூப்பர்வைசர் அவன். மேற்கு, கிழக்கு வாசல்களை அடைத்தபடி நீளமாய் ஒரு மேசை போட்டான். மேற்கு வாசலில் சரவெடி ஏறும். கிழக்கு வாசல் வழியே பெட்டியாகி லாரிக்கு வழுக்கிக்கொண்டு போகும். லேபிள் ஒட்டுகிற ஆள் வடக்கு வாசலில் நுழைந்து உட்கார்ந்ததும், முதுகுக்குப் பின்னாலேயே காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிடுவார்கள். எல்லாம் கைக்கு எட்டும். 2004 தீபாவளி சீசனில் உருப்படி இரண்டு மடங்கானது.

முதலாளி தங்கப்பாண்டியன் பார்க்க வந்தார். லேபிள் ஒட்டும் மூக்கம்மாளை எழுப்பிவிட்டு, அவள் ஸ்டூலில் தானே உட்கார்ந்து, பின்னால் பெட்டிகளை அடுக்கச் சொல்லி வேகம் காட்டினான் புகழேந்தி.

எதிர்ப்பக்கம் பெட்டி அடைத்துக்கொண்டிருந்த கற்பகவல்லி திடுக்கென்று எழுந்தாள்.

பட்டாசுக் கம்பெனியில் ஒருத்தர் அப்படி எழுந்தால் மற்றவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. ஓடுவார்கள். தெற்கு வாசல் வழியே அத்தனை பேரும் பறந்தார்கள், முதலாளி முதல் ஆளாக.

புகழேந்தி குனிந்தான். மேசைக்கடியில் குறுக்குச்சட்டம், ஆடாமலிருக்க அவனே அடித்தது. மேலே ஏறலாமென்றால் முழுக்கச் சரவெடி. திரும்பி அட்டைப்பெட்டிகளை இழுத்தான். சரிந்து மார்புவரை மூடின.

வெளியே சிரிப்பு. கற்பகவல்லியின் குரல்: "பூரான்க்கா! சேலைக்குள்ள ஏறிருச்சு!"

பெட்டிகளை விலக்கி அவனை வெளியே இழுத்துப் போட்டார்கள். எழுந்ததும் முதலாளியிடம் போனான்.

"மொதலாளி, மேசைய எடுத்துருவோம்."

"எடுத்துட்டு? ஆர்டருக்கு என்னலே பதில் சொல்ல? இந்த லைன் இல்லேன்னா நீ எனக்கு எதுக்குலே?"

பெண்களைப் பார்த்தான். கற்பகவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மேசை கெடக்கட்டும்ணே. பெட்டிக்கு இம்புட்டுன்னுதான கூலி. இப்பத்தான் கையில ஏதோ நிக்குது."

"ஆனா அங்கன நான் உக்கார மாட்டேன்," என்றாள் மூக்கம்மாள். அவளுக்குப் பதில் அங்கே உட்கார வேறு யாரும் முன்வரவில்லை.

தங்கப்பாண்டியன் யோசிக்கக்கூட இல்லை. "போட்டவனே உக்காரட்டும்."

"அதான் நியாயம்." மூக்கம்மாள் பசை பிரஷை நீட்டினாள். "சாருக்கு ஒல்லி ஒடம்பு. எடம் பாந்தமா இருக்கும்."

சிரித்துக்கொண்டே எல்லோரும் தெற்கு வாசலில் நுழைந்தார்கள். புகழேந்தி மட்டும் வடக்கே சுற்றிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தான். லோடுமேன்கள் அட்டைப்பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார்கள். இடுப்பு, தோள், தலை. முதுகில் பட்ட வெயில் அணைந்தது.

முதல் பெட்டி அவன் முன்னால் வந்து நின்றது. ஒட்டினான்.