இரண்டு பேருக்கான மின்சாரம்

ஈரோட்டு ஜவுளிக் கடையில் வளர்ந்தவனுக்கு, யாராவது முதலில் சொல்லும் விலை காதிலேயே விழாது. அதனால்தான் பிப்ரவரியில் கரண்ட் கம்பெனிக்காரன், உங்கள் மூன்று வருட ஒப்பந்தம் முடிகிறது, யூனிட் பதினாலு சென்ட்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் போட்டபோது, நான் எங்கள் குல வழக்கப்படி, பதிலே போடாமல் கடையை விட்டு இறங்கி நடந்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து கூப்பிடுவான், பன்னிரண்டரைக்கு முடித்துவிடலாம் என்று நினைப்பு.

ஆறு மாதமாக நடந்துகொண்டிருக்கிறேன். டெக்சாஸில் யாரும் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. நாங்கள் இருக்கும் பிளானோ ஊரில் எந்தக் கம்பெனியிடம் கரண்ட் வாங்குவது என்பது நம் இஷ்டம். கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிற ஆளை மாதாமாதம் மாறுகிற விலையில் தள்ளிவிடுவது அவர்கள் இஷ்டம். மார்ச்சில் பதினேழு சென்ட், மே மாதம் பத்தொன்பது, இந்த ஆகஸ்ட் வெயிலில் இருபத்து மூன்று.

என் மனைவி எழிலரசியிடமும் இதே வித்தையைக் காட்டினேன். அதில்தான் பெரிய நஷ்டம்.

ஜனவரியில் அவளுக்கு இங்கே வேலை போனது. அதே வாரம் ஈரோட்டில் அவள் அண்ணனுக்குக் கால் முறிந்தது. பெட்ஷீட், துண்டு மொத்த வியாபாரம். கல்லாவில் உட்கார ஆள் இல்லை. ஆறு வாரம் பார்த்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனாள். அண்ணனின் கால் ஏப்ரலிலேயே சரியாகிவிட்டது. அதற்குள் இவள் கேரளாவிலிருந்து நாலு புதுப் பார்ட்டிகளைப் பிடித்திருந்தாள். குரலில் ஒரு சந்தோஷம். இங்கே எட்டு வருடத்தில் ஆபீஸ் மீட்டிங் எதற்கும் வராத சந்தோஷம்.

"இன்னொரு மாசம் இருக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

வேண்டாம், வா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் என் ஆசை தெரிந்துவிடும், அப்புறம் பேரத்தில் ஏது பிடி? "உன் இஷ்டம்" என்றேன். நாலு எட்டு நடந்தால் அவளே கூப்பிடுவாள் என்று கணக்கு. அவளும் கடை வீட்டுப் பெண் என்பதை மறந்துபோனேன். "சரிங்க" என்று அவளும் இறங்கி நடந்துவிட்டாள். மே, ஜூன், ஜூலை என்று ஒவ்வொரு மாதமும் அவள் இதையே கேட்பாள், நானும் இதையே சொல்வேன்.

போன வாரம் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வந்தபோது பக்கத்து வீட்டு நஞ்சுண்டன் அங்கிளிடம் கரண்ட் விலையைச் சொல்லி அழுதேன். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், இங்கே டெலிகாம் கம்பெனியில் ரிட்டயர் ஆனவர். மூன்று வருடத்துக்கு ஒரே விலையில் போட்டுத் தொலைக்காமல் மாத விலையில் எவனாவது கிடப்பானா என்று திட்டினார். பிளானில் இரண்டு ரகம் இருப்பதையும் விளக்கினார். கொஞ்சமாகச் செலவழிக்கும் வீட்டுக்கு ஒன்று. மாதம் இரண்டாயிரம் யூனிட்டைத் தாண்டினால் தள்ளுபடி தரும் பெரிய பிளான் இன்னொன்று. தப்பான ரகத்தை எடுத்தால் மூன்று வருடமும் தண்டம், நடுவில் உடைத்தால் அபராதம். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"இப்ப ஊட்ல எத்தன பேருங்க தம்பி?"

"ரெண்டு பேருதானுங்க அங்கிள்" என்றேன்.

அவர் என் குப்பைத் தொட்டியைப் பார்த்தார். கால்வாசிகூட நிரம்பவில்லை. தன் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். சின்ன பிளானில் கையெழுத்துப் போட்டால் இந்த வீட்டில் மூன்று வருடம் நான் ஒருத்தன் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. அதற்குக் கை வரவில்லை. பெரிய பிளானைப் போட எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்றும் தெரியவில்லை. ஈரோட்டில் அப்போது மாலை ஆறரை. போன் போட்டேன்.

"ஏனுங்க, காத்தால நேரமே கூப்புட்டுட்டீங்க?" பின்னால் யாரோ துண்டுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கரண்ட் பிளான் போடணும் எழிலு. ஒரு ஆளுக்குப் போடறதா, ரெண்டு ஆளுக்கா?"

"உங்களுக்கு எது கட்டுப்படியாகுமோ அதப் போடுங்க."

"நீ சொல்லு."

"நீங்க சொல்லுங்க."

இரண்டு பேருமே முதல் விலையைச் சொல்ல மாட்டோம். அண்ணனின் கடையில் எட்டு மாதம் உட்கார்ந்தவள் அல்லவா, சரக்கு எடுக்குமுன் போன மாத விற்பனையைக் கேட்பதுபோல, போன மாசம் எத்தனை யூனிட் ஓடியது என்று கேட்டாள். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"ரெண்டாயிரத்து நூறு."

"ஒத்த ஆளுக்கா?"

"வெயிலு."

"உங்க எழுவத்தாறுக்கு அத்தன ஓடாதே."

ஏசி எங்கள் எட்டு வருடச் சண்டை. அவளுக்குச் சில்லென்று எழுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும், எனக்கு எழுபத்தாறு. ஒருத்தர் வைத்ததை மற்றவர் போய் மாற்றுவோம். ஒரு டிகிரிகூட யாரும் விட்டுக்கொடுத்ததில்லை.

"இப்ப எத்தனைல வெச்சிருக்கீங்க?" என்றாள்.

துணியைத் தடவிப் பார்க்கிறவன் கை அதை விட்டு நகரவில்லை என்றால் ஆசை தெரிந்துவிடும், கடைக்காரன் விலையைக் குறைக்கவே மாட்டான். என் கை எட்டு மாதமாக நகரவில்லை. பில்லில் அச்சடித்து வந்திருக்கிறது.

"எழுவத்திரண்டு" என்றேன்.

பின்னால் அந்த ஆள் மறுபடி துண்டின் கடைசி விலையைக் கேட்டார். அவள் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

"உங்களுக்குக் குளுருமே."

"போத்திட்டுதான் உக்காந்திருக்கேன். உங்க கடை பெட்ஷீட்டு."

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆனபின் எதைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுவது?

"வா எழிலு" என்றேன்.

"இதச் சொல்ல இத்தன நாளாச்சுங்களா?" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "தீவாளி யாவாரம் மட்டும் முடியட்டுங்க. ரெண்டு ஆள் பிளானே போட்டு வைங்க, வாரேன்."

எடுத்து வைங்க, வர்றோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் சரக்கு எங்கள் கடையில் மேல்தட்டில் பேர் எழுதிய சீட்டோடு கிடக்கும். பத்தில் எட்டு பேர் வர மாட்டார்கள். தீபாவளி கழித்து நாங்களே சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி விற்பனைக்கு வைப்போம். அட்வான்ஸ் கொடுத்துப் போனவர்கள் சங்கதி வேறு. அவர்களில் அநேகம் பேர் வந்துவிடுவார்கள்.

"அட்வான்ஸ் ஏதாச்சும்?" என்று கேட்டேன். விளையாட்டாகக் கேட்கத்தான் நினைத்தேன். நிஜமாகவே கேட்டுவிட்டேன்.

அவள் யோசித்தாள். "எழுவத்தி நாலுல வைங்க. நான் வந்ததுக்கப்புறமும் எழுவத்தி நாலுதான். இனி அதுல பேச்சில்லீங்க."

எட்டு வருடத்தில் முதன்முறையாக அவள் விட்டுக்கொடுத்த இரண்டு டிகிரி.

போனை வைத்ததும் பெரிய பிளானில், ஒரே விலைக்கு, மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். விலை பதினைந்தரை சென்ட். பேரம் பேசவில்லை. எழுந்து போய் எழுபத்து நாலில் வைத்தேன். ஏசி நின்றது. அது ஓடும் சத்தத்துக்குள் வீடு எத்தனை அமைதியாக இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் பார்த்தேன். குளிர் குறைந்துகொண்டுதான் வந்தது. போர்த்தியிருந்த பெட்ஷீட்டை மட்டும் விலக்கவில்லை.