கை காட்டினால் நிற்கும்

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது பேசக்கூடாத விஷயம் ஒன்று உண்டென்றால் அது டாக்ஸி. நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். என் வீட்டுக்காரர், டிரைவர் இல்லாமல் ஓடும் டாக்ஸி கம்பெனியில் வேலை பார்க்கிறார். கார் எங்கேயாவது குழம்பி நின்றால், ஆபீஸ் திரையில் அதன் கேமரா வழியாகப் பார்த்து வழி சொல்வதுதான் அவர் வேலை. வீட்டில் தன் சட்டை எங்கே தொங்குகிறது என்று என்னைக் கேட்கிற மனுஷன், ஊரில் ஓடும் கார்களுக்கெல்லாம் வழி சொல்கிறார்.

பேச்சு எடுத்தால் சண்டைதான். ஆளுக்கொரு கார் என்று போனால் ரோடு என்னத்துக்கு ஆகும் என்பேன் நான். பஸ்ஸுக்காகக் காத்திருந்தே பாதி ஆயுசு போகிறது என்பார் அவர். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், எங்களோடுதான் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. தினமும் என் பஸ்ஸில் போய்க்கொண்டே தம்பி பக்கம் பேசுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மாதம் என் வழித்தடத்தை நிறுத்திவிட்டு, அதே ரோட்டில் இந்த டாக்ஸிகளைக் குறைந்த கட்டணத்துக்கு விடலாமா என்று நகராட்சி யோசித்தது. ஒரு வாரம் பஸ் போகாத தெருக்களில் கார்களை வெள்ளோட்டம் விட்டார்கள். கடைசி நாள் காலையில் முதல்முறையாக என் ரோட்டில் விடுவதாகவும், நகராட்சி அதிகாரி அம்மாள் மார்க்கெட் ஸ்டாப்புக்கு வந்து நின்று பார்ப்பதாக ஏற்பாடு. அவர் எழுதுவதை வைத்துத்தான் முடிவு. அந்த வழித்தடம் போனால் எனக்கு வேறு பஸ் கொடுப்பார்கள்தான். ஆனால் எந்த ஸ்டாப்பில் யார் ஓடி வருவார்கள் என்று தெரிந்து ஓட்டுகிற சுகம் வேறு எங்கே கிடைக்கும்?

அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. மார்க்கெட் ஸ்டாப்பில் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. எங்கள் ஊரில் பஸ் தூரத்தில் தெரிந்ததும் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் கையைத் தூக்குவார்கள். தூக்காவிட்டால் நாங்கள் நிறுத்தமாட்டோம். அன்றும் குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை எல்லோரும் தூக்கினார்கள். எனக்கு முன்னால் மூன்று டாக்ஸிகள் போய்க்கொண்டிருந்தன. மூன்றும் ஸ்டாப்புக்கு நேரே, ஒன்றன்பின் ஒன்றாக, கப்பென்று நின்றுவிட்டன.

ஹார்ன் அடித்தேன். அடிக்க அடிக்க, என்னை வரச் சொல்லி ஜனங்கள் இன்னும் உயரமாகக் கையை ஆட்டினார்கள். கார்கள் அசையவில்லை. அவற்றில் ஏறவும் ஆளில்லை. பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின. எனக்கோ கோபம் மூக்கின் மேல். பிரேக்கைப் போட்டுவிட்டு மழையில் இறங்கிப் போய் முதல் காரின் கண்ணாடியைத் தட்டி, வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன்.

காரின் ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏன் இப்படிக் கத்துற? நான்தான்."

என் வீட்டுக்காரர். ஸ்டாப்பே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

"கை தூக்கினா டிராபிக் போலீஸ்னு நினைச்சு நிக்குது. நான் போகச் சொன்னாலும் நகராது, பாதுகாப்புக்குன்னு நாங்களே அப்படித்தான் வச்சிருக்கோம். எல்லாரையும் கையை எறக்கச் சொல்லு."

"பஸ்ஸுக்குக் கை தூக்குவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நான் என்னைக்கும்மா தூக்கியிருக்கேன்? டிப்போலயே உன்கூட ஏறி உக்காந்துக்குவேனே."

அதுவும் உண்மைதான். நான் சொன்னதும் எல்லோரும் கையை இறக்கினார்கள். கார்கள் நல்ல பிள்ளைகளாகக் கிளம்பிப் போயின. தொப்பலாக நனைந்திருந்த அதிகாரி அம்மாளும் மற்றவர்களோடு என் பஸ்ஸில்தான் ஏறினார். என் பின்னால் நின்றபடி, அப்போ இந்த டாக்ஸியே வேண்டாம் என்று எழுதிவிடட்டுமா என்று கேட்டார். வெல்லம் தின்ற மாதிரி இருந்தது. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

முன் சீட்டிலிருந்த நாத்தனார் முந்திக்கொண்டார். "பஸ்ஸு வேணும்மா. ஆனா எங்க சந்து செங்குத்து. அதுல இறங்கி பஸ்ஸு வரைக்கும் வந்து சேர என் முட்டி ஒத்துக்கல."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் விடியுமுன் டிப்போவுக்குப் போய்விடுகிறவள். அவர் அந்தச் சந்தில் எப்படி இறங்கி வருகிறார் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. தம்பி பக்கம் பேசுகிறார் என்று நினைத்தேனே தவிர, வலியில் பேசுகிறார் என்று தோன்றவே இல்லை.

"கார் சந்துக்குள்ள போகட்டும் மேடம்," என்றேன். "அங்கேருந்து கூட்டிட்டு வந்து ஸ்டாப்புல விடட்டும். பெரிய ரோட்டை எனக்கு விட்டுடுங்க."

அப்படியேதான் எழுதினார், அப்படியேதான் நடந்தது. பஸ் டிக்கெட்டே காருக்கும் போதும் என்று ஆயிற்று.

இப்போது தினமும் காலையில் நாத்தனார் ராணி மாதிரி காரில் வந்து ஸ்டாப்பில் இறங்குகிறார். கார் ஒதுங்கி எனக்கு வழி விடுகிறது. முதல் நாள் எனக்கு மனசு நிறைந்து போய், ஜன்னல் வழியாக நன்றி என்று கையைத் தூக்கினேன். ஒதுங்கிக்கொண்டிருந்த கார் அப்படியே உறைந்து நின்றது.

"கையை எறக்கும்மா," என்றது கார். "பின்னாடி ஆளுங்க காத்திருக்காங்க."

இன்னும் கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்தேன்.