சேவல் கழுத்தில் பால் பாக்கெட்

1.

இப்போதெல்லாம் ஆட்கள் எதைத்தான் விட்டு வைக்கிறார்கள்? மல்லிகைக்குச் சென்ட் அடித்து விற்கிறார்கள், நெய்யில் டால்டா கலக்கிறார்கள். சரி, மனுசனை மனுசன் ஏமாற்றுவது. மீனை ஏமாற்றவும் திண்டுக்கல்லில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்த அன்றைக்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவனே சொன்னான். செபஸ்தியார் கோயில் திருவிழாவில், நேர்ந்துவிட்ட சேவலைக் கொடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். அவன் பெண்சாதி மலர்விழி மெழுகுவத்தி ஏற்றப் போயிருந்த அந்தச் செத்த நேரத்தில் சொன்னது. பாதிதான் நம்பினேன். நீங்களும் அப்படியே படியுங்கள்.

(பேர் அந்தோணிராஜ் என்று வைக்கிறேன். சொந்தப் பேர் வேறு. இதுவும் மாற்றுச் சரக்குதான்.)

2.

'கிழக்கு வெளுக்கையில் சேவல் கூவியது. அந்தோணிராஜ் படுக்கையை விட்டு—'

வேண்டாம். சேவல் கூவித் தொடங்குகிற கதையை நானே படிக்க மாட்டேன்.

அந்தோணிராஜுக்கு ஈ கட்டுவது தொழில். தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி, ஈ மாதிரி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவான். அங்கே அதை வீசி மீன் பிடித்து, போட்டோ எடுத்துவிட்டு, மீனைத் திரும்பத் தண்ணியிலேயே விட்டுவிடுவார்களாம். (இரண்டு தடவை கேட்டேன். குழம்புக்கு இல்லையாம்.)

இந்தத் தடவை காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு கேட்டிருந்தார்கள். அதில் மெழுகு சொட்டினாற்போல் பளபளவென்று ஒரு புள்ளி இருக்கும். சிறுமலைப் பக்கம் கூவிக்கொண்டுதான் திரிகிறது. தொட்டால் வனத்துறை கேஸ். அது அவர்களுக்கும் தெரியும். ஆகவே அசல் வேண்டாம், அசல் மாதிரி போதும் என்று எழுதியிருந்தார்கள்.

3.

கினிக்கோழி இறகில் மலர்விழியின் நகப்பாலிஷைச் சொட்டினான். உரிந்து வந்தது. பால் பாக்கெட்டை இறகு போல நறுக்கி மஞ்சள் பெயின்ட் வைத்தான். புள்ளி பிரமாதம், ஆனால் இறகு என்று குருட்டு மீன்கூட நம்பாது. அப்போதுதான் வீட்டுச் சேவல் குறுக்கே போனது. சாம்பல் கழுத்து, காட்டுக்கோழிக்கு இருக்கிற அதே நிறம்.

அது மகள் அறிவுச்செல்விக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று மலர்விழி நேர்ந்துவிட்டது. ஆனது. ஊனமில்லாமல் அது கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் மகளும் பேரனும் நல்லபடியாக இருப்பார்கள் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

இருபது இறகு பிடுங்கினான். புள்ளி வைத்தான். ஈ கட்டினான். அச்சு அசல். போட்டோவும் அனுப்பிவிட்டான். அதற்கப்புறம்தான் சேவலைப் பார்த்திருக்கிறான். கழுத்து மொட்டை. விடிந்தால் திருவிழா. தட்டில் கிடந்த பால் பாக்கெட் இறகுகளை எடுத்து, நூலால் அதன் கழுத்தில் கட்டிவிட்டான். ஈ கட்டுகிற கை, முடிச்சே தெரியவில்லை.

(மலர்விழி பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தாளாம். "இது இம்புட்டு அழகா இருந்துச்சா" என்றாளாம். இங்கேதான் எனக்கு உதைக்கிறது. கோழி வளர்க்கிறவளுக்குத் தெரியாதா? இந்தப் பொம்பளையைச் சரியாக எழுத எனக்கு வரவில்லை.)

4.

மலர்விழி திரும்பி வந்து புருசன் பக்கத்தில் நின்றாள். கோயிலுக்காக நேர்ச்சைச் சேவல்களை வாங்கிக்கொள்கிற ரொனால்டு, எல்லாச் சேவலையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆள். அத்தனையும் அண்டாவில் ஏறி ஊருக்குப் பிரியாணி ஆகப்போகிறது, ஆனாலும் பார்ப்பார். அந்தோணிராஜின் சேவலைத் தடவினார். ஓர் இறகைப் புரட்டினார். அதில் தேதி அச்சடித்திருந்தது.

"ஏலே அப்பு, உன் சேவலுக்குப் போன வாரத்தோட தேதி முடிஞ்சு போச்சுடா."

அதே நேரம் அந்தோணிராஜின் போன் அடித்தது. வெளிநாட்டுச் செய்தி. அசல் காட்டுக்கோழி மாதிரியே இருக்கிறது, கேஸ் ஆகிவிடும், வேண்டாம்.

அவன் போனையும் சேவலையும் மாறி மாறிப் பார்த்தான். மலர்விழிதான் பேசினாள்.

"அவரு கட்டுனது ராத்திரியே அவுந்துருச்சுங்கய்யா. நாந்தான் திரும்பக் கட்டுனேன். சாமிக்குத் தெரியும். நீங்க வாங்குவீகளா, மாட்டீகளா?"

5.

ரொனால்டு வாங்கிக்கொண்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். சர்க்கரைத் தண்ணி. திருப்பிவிட்டார் என்று இன்னொன்று. கையிலிருந்த சேவலை மலர்விழியிடம் நீட்ட— அதற்கு மேல் கை ஓடவில்லை. மகளும் பேரனும் உங்களுடையவர்கள் என்று வைத்துக்கொண்டு நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

நான் நின்று பார்க்கவில்லை. என் சேவல் காலையில் சந்தையில் வாங்கியது, அசல் இறகுதானா என்று யார் கண்டது? வரிசையை விட்டு விலகி, அதன் கழுத்தில் ஓர் இறகைப் பிடித்து இழுத்தேன். கத்தியது. கத்தினால் ஆச்சா? இன்னொன்றையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.