பதினான்கு பேர் நடத்திய ஒரே திட்டம்

மார்ச் பதினேழு, திங்கட்கிழமை. என் புகார் இது: என் மகள் செய்யாத வேலைக்கு மூன்றாண்டு அனுபவம் எழுதிக் கொடுத்த ஒரு பயிற்சி நிலையம், அந்தப் பொய்க்குச் சாட்சியாக என் தொலைபேசி எண்ணையும் என்னைக் கேளாமலேயே சேர்த்துவிட்டது. முப்பத்தோராண்டு இலக்கணம் கற்பித்தவன் நான். எழுவாய் இல்லாத வாக்கியங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செய்தவரே இல்லாத வேலையை இப்போதுதான் பார்க்கிறேன்.

என் மகள் எட்டாண்டுகள் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் பதிவு மேசையில் இருந்தவள். அது மூடப்பட்டபின், முப்பத்தாறு வயதில், பிசினஸ் அனலிஸ்ட் பயிற்சியில் சேர்ந்தாள். ஓர் அலுவலகத்தில் வேலை எப்படி நடக்கிறது, எங்கே தடுக்கிறது என்று கேட்டறிந்து, மென்பொருள் எழுதுவோருக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பதே அத்தொழில். கட்டிலும் பீரோவும் விற்கும் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் வகுப்பு. ஆறு மாதம்.

இறுதி ஆவணத்துக்குத் தன் பழைய மேசையையே எடுத்துக்கொண்டாள். அங்கிருந்த மென்பொருள், அனுப்பிய மருத்துவரின் பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. தாமாகவே வருபவர்களுக்கு மருத்துவர் ஏது? வரிசை வாசல்வரை நீளும். பதிவு செய்பவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்வார்கள். எட்டாண்டுகளில் அந்நிலையத்துக்கு மிகுதியான நோயாளிகளை அனுப்பியவர் டாக்டர் புள்ளிதான். அதனால் யாருக்கு என்ன தாமதம், எதை மாற்றினால் தீரும் என்று இருபத்திரண்டு பக்கங்களில் எழுதியிருந்தாள். படித்துப் பார்த்தேன். ஒற்றுப்பிழை ஒன்பது, கருத்துப்பிழை ஒன்றுமில்லை.

பயிற்சியாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘டை’. கழுத்தில் அது இல்லாமல் அவரை எவரும் கண்டதில்லையாம். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுச் சொன்னதை மகள் வீட்டில் அப்படியே நடித்துக் காட்டினாள்.

“அக்கா, இது கவுண்டர் கதை. இத யாரு கேட்டா? இந்தாங்க, பேங்க் கடன் ப்ராஜெக்ட். மூணு வருஷம் நீங்கதான் லீட். மனப்பாடம் பண்ணிக்குங்க.”

வகுப்பில் பதினான்கு பேர். பதினான்கு பேருக்கும் அதே தாள். ஒரே வங்கியில், ஒரே மூன்றாண்டில், ஒரே திட்டத்தைப் பதினான்கு பேரும் தனித்தனியே தலைமையேற்று நடத்தியிருக்கிறார்கள்.

“வேணாம்னு சொல்லிடேன்,” என்றேன்.

“எல்லாரும் அப்படித்தாம்பா போடறாங்க. போடலைன்னா இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டாங்க. வீட்ல உக்காந்து ஒரு வருஷமாச்சு.”

நான் மேற்கொண்டு வாதாடாமல் சாப்பிடப் போய்விட்டேன்.

சென்ற புதன்கிழமை முற்பகல், அறியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. பேசியவர் ஒரு பெண், மரியாதையான குரல்.

“வணக்கம் சார். உங்ககிட்ட வேலை பார்த்த ஒருத்தங்களப் பத்தி ரெண்டு கேள்வி.”

“என்கிட்ட யாரும் வேலை பார்க்கலம்மா. நான் ரிட்டயரான வாத்தியார்.”

அவர் என் மகளின் பெயரைச் சொன்னார்.

“அவ என் பொண்ணு.”

“பேங்க்ல உங்களுக்குக் கீழ மூணு வருஷம்னு போட்டிருக்கே சார்?”

“எந்த பேங்க்? எட்டு வருஷம் லேப் கவுண்டர்ல இருந்தா. அந்த வேலைய அவளவிட ஒழுங்காச் செஞ்சவங்க கிடையாது.”

மறுமுனையில் ஒரு நாற்காலி பின்னுக்கு நகர்ந்த ஓசை. பிறகு, “அப்பா, போன வைங்க,” என்று என் மகளின் குரல். நேர்காணலில் அவளை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் என்னைப் பேசவிட்டிருக்கிறார்கள்.

கிடைக்கவிருந்த வேலை போயிற்று. சுயவிவரத்தை நிறுவனங்களுக்கு நேராக அனுப்புவது பயிற்சி நிலையமே. மேலாளர் என்ற இடத்தில் என் எண் இருந்தது அவளுக்கும் தெரியாது. ‘பாதுகாவலர்’ என்று சேர்க்கைப் படிவத்தில் எழுதிய எண்ணை அங்கிருந்து பெயர்த்திருக்கிறார்கள்.

இன்று காலை இருவரும் அந்த மூன்றாம் மாடிக்குப் போனோம்.

“என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க,” என்றார் டை. “உங்க பொண்ணு சோத்துல நீங்களே மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே. மத்தவங்க மாமனார், மச்சானெல்லாம் எவ்வளவு அழகாப் பேசறாங்க தெரியுமா?”

“மச்சான் பேங்க் மேனேஜரா?”

“ஒருத்தர் லாரி ஓட்டறாரு. ஆனா என்ன பேச்சு! ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க சார்.”

“தாலி கட்டினதும் அந்தப் பொய் முடிஞ்சுது. இவ தினமும் அந்த நாற்காலியில போய் உக்காரணும்.”

அவர் மகளிடம் ஒரு தாளை நீட்டினார். ‘அனுபவ விவரங்கள் அனைத்தும் என்னால் எழுதப்பட்டவை, நிலையத்துக்கு அவற்றில் தொடர்பில்லை.’ கையெழுத்திட்டால்தான் சான்றிதழாம். அழுக்குத் துணியை அலசுவதற்கும் அடுத்த வீட்டுக் குடத்தைக் கேட்கும் ஈனம்.

மகள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். “இதுல எத்தன பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க?”

“எல்லாரும்தான்க்கா. சும்மா ஃபார்மாலிட்டி.”

“மாட்டிக்கிட்டா நாங்க, மாட்டலைன்னா நீங்க. அப்படித்தானே?”

பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். ஆறு மாதப் படிப்பு, சான்றிதழ் இல்லாமல் படியிறங்கியது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றாள்.

“நீங்க சொன்னது சரிதாம்பா. அதத் தாளு கையில வந்த அன்னைக்கே எங்கிட்ட அழுத்திச் சொல்லியிருக்கலாம். அந்தம்மா முன்னாடிதானா சொல்லணும்?”

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

இதைப் படிப்பவரே, உங்கள் மகளோ மருமகனோ தம்பியோ இப்படியொரு தாளை இப்போது மனப்பாடம் செய்துகொண்டிருக்கலாம். எனக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள். பக்கத்து அறையில் ஒப்பிக்கும் சத்தம் கேட்கும். எழுந்து போங்கள். அவர்கள் முகத்துக்கு நேரே, உங்கள் வீட்டுக்குள்ளேயே, இன்றே மறுத்துச் சொல்லுங்கள்.